அறை பார்ப்பது எப்படி: சிங்கப்பூரில் தனியாக எஸ்கார்ட் வேலை செய்யும் பெண்களுக்கு

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது, “அக்கா, யார் கண்ணிலும் படாத இடம் எங்கே கிடைக்கும்?” என்பதுதான். நான் சொல்லும் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை. யார் கண்ணிலும் படாத இடத்தில் உங்களுக்கு ஏதாவது ஆனால், அதுவும் யார் கண்ணிலும் படாது. தெரிந்தவர்கள் பார்க்கக் கூடாது, சரி. ஆனால் தெரியாதவர்கள் நாலு பேர் கூப்பிடு தூரத்தில் இருந்தே ஆக வேண்டும். இரண்டும் சேர்ந்து அமையும் அறையைத்தான் தேட வேண்டும். ஒன்றுதான் கிடைக்கும் என்ற நிலை வந்தால், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தையே எடுங்கள். முகத்தை மறைக்க ஒரு மாஸ்க்கும் தொப்பியும் போதும். கத்தினால் ஓடிவர ஆள் இல்லாத குறையை எதை வைத்தும் சரிக்கட்ட முடியாது.

இதை நான் எழுதுவது, 18 வயதைத் தாண்டி, தானே முடிவெடுத்து, தன் சொந்தப் பொறுப்பில் இந்த வேலையைச் செய்யும் பெண்களுக்காக. யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தி வைத்திருந்தால், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்திருந்தால், உங்களுக்கு வேண்டியது நல்ல அறை இல்லை. அது ஆட்கடத்தல். அதற்கென்றே 2014இல் இங்கே சட்டம் வந்திருக்கிறது. தயங்காமல் போலீசை 999இல் கூப்பிடுங்கள்.

சட்டம் போடும் கோடு

சட்டத்தை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் எந்த இடத்தை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்பதில் பாதியை அதுவே முடிவு செய்துவிடுகிறது. சிங்கப்பூரில் 18 வயதைத் தாண்டிய ஒருவர் தனியறையில் இந்த வேலையைச் செய்வது குற்றம் இல்லை. ஆனால் அதைச் சுற்றியுள்ள பலவும் குற்றம். பொது இடத்தில் நின்று ஆள் பிடிப்பது குற்றம். முதல் தடவைக்கே 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் போடலாம். ஒருவர் இந்த வேலையில் சம்பாதிப்பதை வைத்து இன்னொருவர் பிழைப்பது குற்றம். விபசார விடுதி நடத்துவது குற்றம்.

இந்த ‘விடுதி’ என்பதைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். சிவப்பு விளக்கு போட்ட வீடு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். மாதர் சாசனம் (Women's Charter) என்ற சட்டத்தின்படி, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள், ஒரே நேரத்திலோ வெவ்வேறு நேரங்களிலோ, இந்த வேலைக்குப் பயன்படுத்தும் எந்த இடமும் விடுதிதான். “வாடகையைப் பாதிப் பாதி போட்டுக்கலாம், பகல்ல நீ, ராத்திரி நான்” என்று ஒரு தோழி நல்ல மனதோடு சொன்னால்கூட, அந்த அறை சட்டத்தின் கண்ணில் விடுதி ஆகிவிடுகிறது. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் விடுதி நடத்தியவர் ஆகிவிடலாம். வீட்டுக்காரரும் தப்ப மாட்டார். 2019இல் சட்டத்தைத் திருத்தித் தண்டனைகளை இன்னும் கூட்டியிருக்கிறார்கள்.

இதில் எனக்குப் பெரிய மனத்தாங்கல் உண்டு. பக்கத்து அறையில் ஒரு தோழி இருப்பதைவிட நல்ல பாதுகாப்பு இந்த வேலையில் கிடையாது. அதையே செய்யாதே என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு பெண்ணையும் தனித்தனியாக ஒரு அந்நியனோடு கதவைச் சாத்திக்கொள்ள விட்டிருக்கிறார்கள். இது மாற வேண்டும் என்று நான் நினைக்கிறேன். மாறும் வரை, அந்தத் தோழி இல்லாத இடத்தை எப்படி நிரப்புவது என்பதுதான் நம் பாடு. இனி நான் சொல்லப்போவது எல்லாம் அதற்காகத்தான்.

வேலை அனுமதியில் வந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குடிநுழைவுச் சட்டம் இந்தத் தொழில் செய்யும் வெளிநாட்டவரை நாட்டுக்குள் அனுமதிக்கப்படாதவர்கள் பட்டியலில் வைத்திருக்கிறது. மாட்டினால் அனுமதி போகும், திருப்பி அனுப்புவார்கள், மறுபடி வர முடியாமலும் போகலாம். எவ்வளவு நல்ல அறை எடுத்தாலும் இந்த ஆபத்து குறையாது. தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

எடுக்கக் கூடாத இடங்கள்

சொந்த வீடு வேண்டாம். வாடகைக்கு எடுத்த வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், எச்டிபி) அறையும் வேண்டாம். வீவக வீட்டைக் குடியிருப்பதற்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். வேறு வேலைக்குப் பயன்படுத்தினால் வீட்டையே திரும்ப எடுத்துக்கொள்ளும் அதிகாரம் கழகத்துக்கு உண்டு. அது ஒரு பக்கம் இருக்கட்டும். புளோக்கில் எதிர்வீட்டு ஆன்ட்டிக்கு நீங்கள் எத்தனை மணிக்குக் குப்பை கொட்டுகிறீர்கள் என்பதே தெரியும். நடைபாதையை ஒட்டித்தான் ஜன்னல். மாதத்துக்கு இரண்டு புது ஆண்கள் வந்து போனாலே பேச்சு ஆரம்பித்துவிடும். இதற்கெல்லாம் மேலே, ஒரு தடவை வந்தவனுக்கு உங்கள் வீடு தெரிந்துவிட்டால் அதை அவன் மனதிலிருந்து அழிக்க முடியாது. உறவு கெட்ட பிறகு, குடித்துவிட்டு, விடியற்காலை மூன்று மணிக்கு அவன் கேட்டைத் தட்டினால் நீங்கள் எங்கே போவீர்கள்?

ஆப்பில் ஒரு நாள் இரண்டு நாளுக்குக் கிடைக்கும் கொண்டோ அறைகளும் வேண்டாம். பார்க்க நன்றாக இருக்கும், விலையும் கட்டுப்படியாகும். ஆனால் இங்கே தனியார் வீடுகளைக் குறைந்தது 3 மாதத்துக்குத்தான் வாடகைக்கு விடலாம், வீவக வீடுகளை 6 மாதத்துக்கு. அதற்குக் குறைந்த எதுவும் சட்டத்துக்குப் புறம்பானது. அறையில் ஏதாவது நடந்தால் அந்த வீட்டுக்காரர் உங்களுக்கு உதவ மாட்டார். தான் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதுதான் அவர் கவலையாக இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர்களும் அந்த மாதிரி அறைகள் மேல் ஏற்கெனவே கடுப்பில் இருப்பார்கள், அந்நியர் நடமாட்டம் தெரிந்தாலே நிர்வாகத்துக்குப் புகார் போகும். சர்வீஸ் அபார்ட்மெண்ட் எடுப்பதானால் குறைந்தது 7 நாள் எடுக்க வேண்டும். ஒரு வாரம் தொடர்ந்து வேலை இருப்பவர்களுக்கு அது கட்டுப்படியாகலாம், எனக்கு ஆனதில்லை.

அப்புறம் இந்த ‘ரூம் தர்றேன்’ ஆட்கள். “நான் ரூம் போடுறேன், விளம்பரத்தையும் நானே பார்த்துக்கிறேன், வர்றதுல பாதி எனக்கு” என்று ஒருவன் அண்ணன் மாதிரி பேசிக்கொண்டு வருவான். அவன் செய்வது மாதர் சாசனத்தின் கீழ் சிறைக்குப் போகும் குற்றம். அவன் சிறைக்குப் போகட்டும், அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஆனால் அறையின் சாவி அவனிடம் இருக்கும், யார் வருகிறார்கள் என்பதை அவன் முடிவு செய்வான், வேண்டாம் என்று நீங்கள் சொல்ல நினைக்கும் நேரத்தில் வெளியே அவன் நிற்பான். நீங்கள் தனியாக இந்த வேலையைச் செய்வதற்கான காரணமே அங்கே போய்விடுகிறது.

கார், கார்நிறுத்தத்தின் மேல்மாடி, இரவில் காலியாகிவிடும் ஊபி, காக்கி புக்கிட் பக்கத்துத் தொழிற்பேட்டை அலுவலகங்கள், படகு: எவ்வளவு கொடுத்தாலும் போகாதீர்கள். படகில் ஏறிவிட்டால் இறங்குவதை முடிவு செய்வது நீங்கள் இல்லை.

ஹோட்டல் என்றால் எந்த ஹோட்டல்

மிஞ்சுவது ஹோட்டல். மணிக்கணக்கில் அறை தரும் சின்ன ஹோட்டல்கள் கேலாங்கிலும் பாலஸ்டியரிலும் நிறைய உண்டு. மலிவு, கேள்வி கேட்க மாட்டார்கள். நான் அவற்றை எடுப்பதில்லை. கேள்வி கேட்காத முகப்பு உங்களுக்கு மட்டும் வசதி இல்லை, கெட்ட எண்ணத்தோடு வருகிறவனுக்கும் வசதிதான். கேலாங் லோரோங்குகளில் (சந்துகளில்) தனியாக நடக்கும் பெண்ணை எல்லோரும் ஒரு பார்வை பார்ப்பார்கள், போலீஸ் சோதனைகளும் அடிக்கடி நடக்கும். மறைவு என்று நினைத்துப் போகிற இடத்தில்தான் நீங்கள் பளிச்சென்று தெரிவீர்கள்.

எனக்குப் பிடித்தது எம்ஆர்டி ரயில் நிலையத்தோடு அல்லது ஒரு பேரங்காடியோடு ஒட்டிய, வேலை விஷயமாக வருபவர்கள் தங்கும் நடுத்தர ஹோட்டல். நொவீனா, லாவண்டர், பூகிஸ், கிளார்க் கீ பக்கங்களில் அப்படிப்பட்டவை இருக்கின்றன. பெட்டி இழுத்துக்கொண்டு வருபவர்கள், மடிக்கணினிப் பையோடு போகிறவர்கள் என்று முகப்பில் எந்நேரமும் ஆள் இருக்கும். ஒரு சுடிதாரோ, பாண்ட் சட்டையோ போட்டுக்கொண்டு நீங்களும் அவர்களில் ஒருவராக நடந்து போகலாம். பேரங்காடி வழியாகப் போனால் உள்ளே நுழையவும் வெளியேறவும் பல வாசல்கள். யாராவது பின்னால் வருவதாகத் தோன்றினால் ஒரு கடைக்குள் புகுந்து வேறு வழியாக இறங்கிவிடலாம்.

பதிவு செய்வதற்கு முன் ஹோட்டலைத் தொலைபேசியில் கூப்பிட்டு மூன்று விஷயம் கேளுங்கள். முகப்பில் இரவு முழுக்க ஆள் இருப்பாரா? லிஃப்டுக்கு அறை அட்டை வேண்டுமா? என்னைப் பார்க்க ஒருவர் வந்தால் அடையாள அட்டை கேட்பீர்களா?

கடைசிக் கேள்விக்கு ‘ஆமாம், கேட்போம்’ என்று பதில் வந்தால் பல பெண்கள் அந்த ஹோட்டலை ஒதுக்கிவிடுகிறார்கள், வாடிக்கையாளர் வர மாட்டார் என்று. நான் அந்த ஹோட்டலைத்தான் எடுப்பேன். வருபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்: “கீழே ஐசி கேட்பாங்க, கொண்டு வாங்க.” நல்ல மனிதன் கொஞ்சம் முனகிவிட்டு வருவான். தகராறு செய்ய நினைப்பவன் ஏதோ சாக்குச் சொல்லிக் கழன்றுகொள்வான். அவன் பெயரை நான் வாங்கிப் பார்க்க வேண்டியதில்லை. ஹோட்டல் ஏட்டில் அது இருக்கிறது என்பது அவனுக்குத் தெரிந்தால் போதும். இந்த ஒரு வடிகட்டல் எனக்குச் செய்திருக்கும் நன்மையை வேறு எதுவும் செய்ததில்லை.

லிஃப்டுக்கு அட்டை வேண்டும் என்றால் நீங்கள் கீழே இறங்கிப் போய் அவரை அழைத்து வர வேண்டியிருக்கும். அதுவும் நல்லதுதான். முகப்பில், கேமராவுக்குக் கீழே, நாலு பேர் நடுவில் ஆளை ஏற இறங்கப் பார்க்க உங்களுக்கு இரண்டு நிமிஷம் கிடைக்கிறது. குடித்திருக்கிறானா, கூட யாராவது வந்திருக்கிறார்களா, அனுப்பிய படத்தில் இருந்தவன்தானா? மனம் ஒப்பவில்லை என்றால் அங்கேயே, “மன்னிச்சுக்குங்க, இன்னிக்கு முடியாது” என்று சொல்லிவிட்டு முகப்புப் பணியாளர் பக்கம் திரும்பி நில்லுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. பணப் பேச்சை மட்டும் பொது இடத்தில் எடுக்காதீர்கள்.

அறை உங்கள் பெயரில், உங்கள் அடையாள அட்டையில் இருக்கட்டும். அவன் எடுத்த அறைக்குப் போனால் அட்டை அவன் கையில், நேரம் அவன் கையில். உங்கள் அறை என்றால் “நேரமாயிருச்சு, கிளம்புங்க” என்று நீங்கள் சொல்லலாம், கேட்காவிட்டால் முகப்பைக் கூப்பிடலாம்.

எந்தப் பேட்டை

தமிழ்ப் பெண்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். சிங்கப்பூர் சின்ன ஊர், நம் சமூகம் அதிலும் சின்னது. தேக்கா (லிட்டில் இந்தியா), ஃபேரர் பார்க் பக்கத்து ஹோட்டல்கள் வசதியாகத்தான் இருக்கும். ஆனால் வீரமாகாளியம்மன் கோயிலுக்கு வந்த சித்தியும், முஸ்தஃபாவில் சாமான் வாங்க வந்த மாமாவும், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் அங்கேதான். தீபாவளிக்கு முந்தின வாரங்களில் சிராங்கூன் ரோட்டில் கால் வைக்க இடமிருக்காது. பாதி முகங்கள் தெரிந்த முகமாக இருக்கும். அந்த வட்டாரத்தை வேலைக்கு அறவே விட்டுவிடுங்கள். நீங்கள் குடியிருக்கும் பேட்டை, பிள்ளைகள் படிக்கும் பள்ளி உள்ள பேட்டை, பகலில் வேறு வேலை பார்க்கும் இடம், இவற்றையும் விடுங்கள்.

ஒரே ஹோட்டலுக்குத் திரும்பத் திரும்பப் போவதிலும் நல்லது கெட்டது இரண்டும் உண்டு. பழகிய இடத்தில் படிக்கட்டு எங்கே, எந்தப் பணியாளர் உதவுவார் என்பதெல்லாம் தெரியும். ஆனால் தொல்லை கொடுக்கும் பழைய வாடிக்கையாளருக்கும் உங்களை எங்கே தேடலாம் என்று தெரிந்துவிடும். நான் மூன்று நாலு இடங்களை மாற்றி மாற்றி வைத்துக்கொள்கிறேன். அதற்கு மேல் போனால் எந்த இடமும் பழகாது.

அறைக்குள் போனதும்

வாடிக்கையாளர் வருவதற்கு முக்கால் மணி நேரம் முன்னதாகவே நான் போய்விடுவேன். அறையைத் திறந்ததும் உட்காருவதில்லை. முதலில் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் தீயவசரப் படத்தைப் பார்த்து, படிக்கட்டு வரை ஒரு தடவை நடந்து போய்த் திரும்புவேன். லிஃப்டுக்காகக் காத்து நிற்க முடியாத நேரத்தில் கால் தானாக அந்தப் பக்கம் போக வேண்டும். அந்தப் படிக்கட்டுக் கதவு தள்ளினால் திறக்கிறதா என்றும் பார்ப்பேன். நடைபாதையின் கோடியில் உள்ள அறை அமைதியாக இருக்கும் என்று கொடுக்க வருவார்கள். வேண்டாம் என்று சொல்லி, லிஃப்டுக்குப் பக்கத்தில் கேளுங்கள். கால் வலி என்று சொன்னால் மாற்றித் தருவார்கள். ஆள் போய்வரும் சத்தம்தான் உங்களுக்குக் காவல்.

பக்கத்து அறைக்கு இடைக்கதவு இருந்தால் தாழ் போட்டிருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள்; இல்லையென்றால் வேறு அறை. அறைத் தொலைபேசியை எடுத்து முகப்பைக் கூப்பிடுங்கள், இரண்டு தண்ணீர் போத்தல் கேளுங்கள். தொலைபேசி வேலை செய்கிறதா என்பதும் தெரியும், எவ்வளவு நேரத்தில் ஆள் மேலே வருகிறார் என்பதும் தெரியும். குளியலறைக் கதவு உள்ளேயிருந்து பூட்டுகிறதா என்று பாருங்கள். பூட்டினால், ஒரு மோசமான நேரத்தில் அது நீங்கள் ஒளிந்துகொண்டு தொலைபேசி செய்யும் இடம். பூட்டாத குளியலறை உள்ள அறையில் நான் இருப்பதில்லை.

பிறகு பொருள்களை ஒதுக்குவேன். இஸ்திரிப்பெட்டி, கனமான மேசைவிளக்கு, கண்ணாடிக் குவளை, மினி ஃபிரிட்ஜில் உள்ள பியர் போத்தல், கெட்டில், இவை எல்லாம் அலமாரிக்குள் போய்விடும். என் கைப்பை கதவுக்குப் பக்கத்து நாற்காலியில், செருப்பு அதற்குக் கீழே, வாசலைப் பார்த்தபடி. தொலைபேசி கட்டிலில் நான் இருக்கும் பக்கம், முழு சார்ஜோடு. நான் எப்போதும் கதவுக்கு அருகில் உள்ள பக்கத்திலேயே இருப்பேன். எனக்கும் கதவுக்கும் நடுவில் அவர் வரக் கூடாது. ஐசி, வீட்டுச் சாவி, பிள்ளை படம் உள்ள பர்ஸ் எல்லாம் அறைப் பெட்டகத்தில்.

விளக்கை அணைத்து, திரைச்சீலையை மூடி, தொலைபேசி வெளிச்சத்தை மெதுவாகச் சுற்றிலும் அடித்துப் பாருங்கள். புகை உணர்கருவி, கடிகாரம், கட்டிலைப் பார்த்தபடி செருகியிருக்கும் சார்ஜர், இவற்றில் கண்ணாடித் துண்டு மாதிரி ஏதாவது மின்னினால் கழற்றுங்கள் அல்லது துண்டைப் போட்டு மூடுங்கள். வந்தவரின் தொலைபேசி, கைக்கடிகாரம், பேனா எங்கே இருக்கிறது என்பதிலும் கண் இருக்கட்டும். அனுமதியில்லாமல் அந்தரங்கத்தைப் படம் எடுப்பது 2020 முதல் இங்கே தனிக் குற்றம், சிறையும் பிரம்படியும்கூட உண்டு. அதே சட்டம் நமக்கும்தான். பாதுகாப்புக்கு என்று நீங்கள் ரகசியக் கேமரா வைத்தால் நீங்கள்தான் மாட்டுவீர்கள்.

மிளகு ஸ்ப்ரே வாங்கி வைக்கலாமா என்று கேட்பார்கள். இங்கே அது கட்டுப்படுத்தப்பட்ட ஆயுதம், வேண்டாம். கீச்சென்று கத்தும் சாவிக்கொத்து அலாரம் போதும். நடைபாதையில் நாலு கதவு திறந்தால் வேண்டியது கிடைத்துவிட்டது.

பணம் பற்றிச் சின்னதாக ஒன்று. தொலைபேசி எண்ணைப் போட்டு வங்கிப் பணம் அனுப்பும் பேநவ் வேண்டாம். எண்ணைப் போட்டதும் வங்கியில் பதிந்த உங்கள் பெயர் அவர் திரையில் வந்து நிற்கும். அறையை எவ்வளவு மறைவாகத் தேடி எடுத்தாலும் அந்த ஒரு வரி எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

வாடிக்கையாளர் வீட்டுக்குப் போக வேண்டி வந்தால்

கூடுமானவரை போகாதீர்கள். போவதானால் கொண்டோ பரவாயில்லை. காவலர் அறையில் வருகையாளர் பதிவு இருக்கும், கேமரா இருக்கும். பல பெண்கள் அந்தப் பதிவுக்குப் பயந்து வாடிக்கையாளரின் காரில் ஒட்டிக்கொண்டு உள்ளே போகிறார்கள். செய்யாதீர்கள். நீங்கள் உள்ளே போனதற்கு ஒரு சாட்சி இருக்கட்டும். தரைவீடுகளுக்கு, அதிலும் புக்கிட் தீமா பக்கம் உள்ளே தள்ளி இருப்பவற்றுக்கு, நான் போவதில்லை. மதில் உயரம், பக்கத்து வீடு தூரம், இரவில் சாலையில் ஆள் இருக்காது.

வீவக வீட்டில் நீங்கள் பார்க்க வேண்டியது கேட். மரக்கதவுக்கு முன்னால் இரும்புக் கேட் இருக்கும். பல வீடுகளில் அதை உள்ளேயிருந்து திறக்கவும் சாவி வேண்டும். ஒரு தடவை நான் உள்ளே போனதும் அந்த மனிதர் கேட்டைப் பூட்டி, சாவியைக் கழற்றி ஃபிரிட்ஜ் மேல் வைத்தார். வழக்கமாகவே அப்படித்தான் செய்வார் போலிருக்கிறது, முகத்தில் ஒரு கெட்ட எண்ணமும் தெரியவில்லை. எனக்கு உடம்பு முழுக்க வியர்த்துவிட்டது. தீப்பிடித்தால்கூட அந்தச் சாவி இல்லாமல் நான் வெளியே வர முடியாது. “சாவியைக் கேட்டிலேயே விட்டுடுங்க, பூட்டினா எனக்கு மூச்சு முட்டும்” என்றேன். ஒன்றும் சொல்லாமல் கொண்டுபோய்ச் செருகினார். மறுத்திருந்தால் அந்த நிமிஷமே கிளம்பியிருப்பேன். அன்றிலிருந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுகிறேன். சாவி கேட்டில் தொங்க வேண்டும், இல்லையென்றால் நான் வாசலைத் தாண்டுவதில்லை.

அந்த வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள். வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணுங்கள். ‘தனியாக இருக்கிறேன்’ என்றவர் வீட்டு வாசலில் மூன்று ஜோடி ஆண்கள் காலணி கிடந்தால் மணியை அழுத்தாமல் திரும்புங்கள். புளோக் லிஃப்டுக்கு முன்னால் போலீஸ் கேமரா இருக்கும். இறங்கி வரும்போது அந்த முகப்பில் நின்றே கார் வரவழைத்துக்கொள்ளுங்கள்.

தொலைபேசியில் ஒரு தோழி

பக்கத்து அறையில் இருக்க முடியாத தோழி, தொலைபேசியில் இருக்கலாம். ஹோட்டல் பெயர், அறை எண், வருபவரின் தொலைபேசி எண், எத்தனை மணிக்கு முடியும், இந்த நாலையும் தோழிக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். வாடிக்கையாளர் வந்ததும் அவர் எதிரிலேயே நான் தோழியைக் கூப்பிட்டு, “வந்துட்டாரு, பத்தரைக்குக் கூப்பிடுறேன்” என்று சொல்வேன். வருபவர் காதில் அது விழ வேண்டும். பத்தரைக்கு நான் கூப்பிடாவிட்டால் தோழி என்னைக் கூப்பிடுவார், எடுக்காவிட்டால் ஹோட்டல் முகப்பைக் கூப்பிட்டு அறைக்கு ஆள் அனுப்பச் சொல்வார், அதற்கும் பதில் இல்லையென்றால் 999. எத்தனை நிமிஷம் பொறுப்பது என்பதை இருவரும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஆபத்து என்று வெளிப்படையாகச் சொல்ல முடியாத நேரத்துக்கு ஒரு சாதாரண வாக்கியம் இருக்கட்டும். ‘அம்மாவுக்கு மாத்திரை கொடுத்துட்டியா’ என்பது மாதிரி.

அந்தத் தோழிக்கு உங்கள் சம்பாத்தியத்தில் பங்கு கொடுக்காதீர்கள். நன்றிக்குக் கொடுத்த பணம்கூட அவரைச் சட்டச் சிக்கலில் இழுத்துவிடலாம். நீங்கள் அவருக்காகக் காத்திருங்கள், அவர் உங்களுக்காகக் காத்திருக்கட்டும்.

கடைசி எம்ஆர்டி நள்ளிரவோடு சரி. வீட்டுக்குக் காரில் போனால், வாசலில் இறங்காமல் இரண்டு புளோக் தள்ளியோ, ஆள் இருக்கும் கோப்பிக்கடை அருகிலோ இறங்குங்கள். அறையை விட்டு நீங்கள் கடைசியாகக் கிளம்புங்கள். வாடிக்கையாளர் போய்ப் பதினைந்து நிமிஷம் ஆகட்டும்.

ஏதாவது நடந்துவிட்டால்

பேச முடிந்தால் 999. பேச முடியாத நிலை என்றால் 70999க்குக் குறுந்தகவல், இடத்தின் பெயரும் அறை எண்ணும் முதலில். நீங்கள் செய்யும் வேலை என்னவாக இருந்தாலும் வன்புணர்ச்சி வன்புணர்ச்சிதான். ஏமாற்றி ஆணுறையைக் கழற்றுவதும் 2020 முதல் குற்றம். ‘வீட்டுக்குச் சொல்லிவிடுவேன், படத்தைப் போட்டுவிடுவேன்’ என்று மிரட்டுவதும் குற்றம். பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் பெயரையோ அடையாளத்தையோ யாரும் வெளியிடக் கூடாது என்று சட்டமே தடுக்கிறது; பத்திரிகையில் வந்துவிடும் என்ற பயத்தில் புகார் கொடுக்காமல் இருக்காதீர்கள்.

குளிக்காதீர்கள். உடுத்தியிருந்ததைத் துவைக்காமல் ஒரு காகிதப் பையில் போட்டு வையுங்கள். ஹோட்டலிடம் கேமராப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கிளந்தான் லேனில் உள்ள, பால்வினை நோய்களைப் பார்க்கும் டிஎஸ்சி கிளினிக்கிலோ, இரவென்றால் மருத்துவமனை அவசரப் பிரிவிலோ கேளுங்கள்.

தனியாகப் போகத் தெம்பில்லை என்றால், பெண்கள் உரிமைக்கான அவேர் அமைப்பின் பாலியல் தாக்குதல் உதவி நிலையத்தை 6779 0282இல் கூப்பிடலாம். பாலியல் தொழிலாளர்களுக்காகவே இயங்கும் புரோஜெக்ட் எக்ஸ் இருக்கிறது. இந்த வேலையைப் பற்றி அவர்களிடம் முதலிலிருந்து விளக்க வேண்டியதில்லை. வேலை அனுமதியில் இருப்பவர்கள், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை என்றால், போலீசுக்குப் போவதற்கு முன் அவர்களிடம் ஒரு தடவை பேசிவிடுங்கள். இந்த எண்களை வேறு பெயரில், ‘தையல்கடை’ என்றோ ‘பல் டாக்டர்’ என்றோ, வேலைத் தொலைபேசியில் இன்றைக்கே பதிந்து வையுங்கள்.